லெட் செப்பலின் (இங்கிலாந்து ராக் பேண்ட்) உங்க காதுல எப்ப விழுந்துச்சு? கதைய எழுதுங்க

செம்பவாங் தாத்தா:
நேத்து கோப்பிக்கடையில ஒரு தம்பி என் சட்டையப் பாத்துட்டு, "லெட் செப்பலின்லாம் இப்ப யாரு அங்கிள் கேக்குறா, டீசர்ட்ல மட்டும்தான் உயிரோட இருக்கு"ன்னான். அப்ப கோவம் வரல, ஆனா ராத்திரி தூக்கமும் வரல, அதான் இங்க வந்து கேக்குறேன். முதல்ல என் கதை. அப்பாவுக்கு சிங்கப்பூர் செம்பவாங்ல பிரிட்டிஷ் நேவல் பேஸ்ல வேலை. 1971ல பிரிட்டிஷ்காரன் மூட்டை கட்டுனப்ப ஒரு வெள்ளைக்கார மாலுமி அப்பாகிட்ட கொஞ்சம் சாமான் குடுத்துட்டுப் போனாரு, ரெண்டு நாற்காலி, ஒரு இஸ்திரிப் பெட்டி, அதோட லெட் செப்பலினோட மூணாவது எல்பி இசைத்தட்டு. அதோட அட்டைக்குள்ள ஒரு சக்கரம் இருக்கும், ஓரத்துல விரல் வச்சு சுத்துனா ஓட்டைங்கள்ல படம் மாறிக்கிட்டே வரும். வீட்டுல ரெக்கார்ட் ப்ளேயர் கிடையாது. அதனால மாசக்கணக்குல சக்கரத்த மட்டும் சுத்திக்கிட்டுக் கிடந்தேன், ஒரு பாட்டு கூட கேக்காம ஃபேன் ஆனவன் நானாத்தான் இருப்பேன்.

1972 பிப்ரவரி 14ல சிங்கப்பூர்ல வாசிக்கப் போறாங்கன்னதும் அண்ணன் கூட்டிட்டுப் போறேன்னாரு, எனக்கு 15 வயசு, நாள எண்ணிக்கிட்டு இருந்தேன். கடைசியில நீட்டு முடின்னு உள்ளயே விடல, ப்ளேனை விட்டு இறங்கக் கூட விடலன்னு பேச்சு. அவங்க பாட்டுக்கு ஆஸ்திரேலியா போய் 16ஆம் தேதி பெர்த்ல வாசிச்சுட்டாங்க. இப்ப உள்ள பிள்ளைங்க நம்பமாட்டாங்க, எழுபதுகள்ல அரசாங்க ஆபீஸ்ல போஸ்டரே இருக்கும், நீட்டு முடி வச்ச ஆம்பளைங்கள கடைசியாத்தான் கவனிப்போம்னு, புருவத்துக்கு மேல, காதுக்கு வெளிய, காலருக்கு மேலன்னு அளவெல்லாம் படம் போட்டுக் காட்டியிருப்பாங்க. அண்ணன் ஒரு நாள் ஒரே ஒரு கடுதாசி அனுப்பப் போய் வர்றவன் போறவனையெல்லாம் முன்னால விட்டுட்டு நின்னு, வெறுத்துப் போய் நேரா முடி வெட்டிக்கிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாரு. அப்பா மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷத்த தீபாவளிக்குக் கூட நான் பாத்ததில்ல.

படிக்கட்டு ட்ரம்மர்:
வணக்கம் அங்கிள், எனக்கு 31. நான் உறுமி மேள குரூப்ல இருந்தவன், ராக்னாலே காது வலின்னு நினைச்சவன். ஒரு நாள் ஃப்ரெண்டு கார்ல இவங்களோட "வென் த லெவி ப்ரேக்ஸ்" போட்டான், ஆரம்பத்துல வெறும் ட்ரம்ஸ்தான், யார்ரா இவன் கோயில் மண்டபத்துல உக்காந்து அடிக்கிறான்னு கேட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது, ஹெட்லி கிரேஞ்ச்னு இங்கிலாந்துல ஒரு பழைய வீடு, அங்க மாடிப்படி கீழ ஹால்ல ட்ரம்ஸ வச்சு, மைக்கை மேல படிக்கட்டுலேர்ந்து தொங்கவிட்டுப் பதிஞ்சிருக்காங்க. மைக் பக்கத்துல இருந்தா தோல்தான் கேக்கும், தள்ளி வச்சா அந்த வீடே சேந்து கேக்கும்.

சும்மா இருப்பேனா நான்? எங்க ப்ளோக் படிக்கட்டுல மூணாவது மாடியில ஒரு ஸ்னேர் ட்ரம்ம வச்சு, ஃபோனை அஞ்சாவது மாடிக் கம்பியில கட்டி அடிச்சேன். நாப்பது செகண்ட்தான். சைனீஸ் ஆன்ட்டி ஒருத்தங்க கதவத் திறந்தாங்க, அடுத்து போலீஸ். ரெண்டு பேரும் டீசன்ட்டாத்தான் பேசுனாங்க, ஆனா போலீஸ்கிட்ட அவங்க ட்ரம்மர் பான்ஹமைப் பத்தி விளக்குறது ரொம்பக் கஷ்டம் லா. அந்த ரெக்கார்டிங்தான் இன்னிக்கும் என் ரிங்டோன். பான்ஹம் 1980 செப்டம்பர்ல 32 வயசுல போயிட்டாரு, வேற ஆளப் போடாம டிசம்பர்ல பேண்டையே கலைச்சுட்டாங்க. ஆனா அந்த அடி போகல, 1986லயே பீஸ்டி பாய்ஸ்னு ஒரு அமெரிக்க ராப் குரூப் அத வெட்டி எடுத்து ராப்புக்குப் போட்டுட்டாங்க. உங்க கோப்பிக்கடைத் தம்பியும் எங்கயாவது கேட்டிருப்பான், யாருதுன்னு தெரிஞ்சிருக்காது, அவ்வளவுதான்.

சும்மா வந்தவன்:
நான் டீப் பர்ப்பிள் கட்சி, அது வேற ராக் பேண்ட். வேடிக்கை பாத்துட்டுப் போறேன்.

தேக்காக்காரி:
எல்லாரும் உருகுறீங்க, நான் கொஞ்சம் கசப்பு ஊத்துறேன். தம்பி சொன்ன அந்த லெவி பாட்டே அவங்களோடது இல்ல, மெம்ஃபிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோ மெக்காயும் 1927 மிசிசிப்பி வெள்ளத்த வச்சு 1929ல பாடுனது. அதுலயாவது மின்னி பேரு இருக்கு. "ஹோல் லாட்டா லவ்"ல ப்ளூஸ்காரர் வில்லி டிக்சனோட வரிய எடுத்துட்டு அவர் பேரே போடல, அந்த மனுசன் 1985ல கேஸ் போட்ட பிறகுதான் சமரசத்துக்கு வந்தாங்க. முதல் ஆல்பத்துல "ப்ளாக் மவுண்டன் சைட்"னு ஒண்ணு, தபலா விராம் ஜசானி, மெட்டு பெர்ட் ஜான்ஷ் வாசிச்ச நாட்டுப்பாட்டு, பேரு மட்டும் அவங்க கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ்! அடுத்தவன் வீட்டுச் சோத்துக்கு நம்ம வீட்டு வாழை இலை போட்ட மாதிரி.

எனக்கு இவங்களப் பழக்கிவிட்டது என் வீட்டுக்காரர், கல்யாணத்துக்கு முன்னாடி சுங்கை ரோட் திருட்டுச் சந்தையில ரெண்டு வெள்ளிக்கு ஒரு கேசட் வாங்கிக் குடுத்தாரு. அவங்க பாட்டுங்களுக்கு அதவிடப் பொருத்தமான கடை கிடையாதுன்னு இன்னும் சொல்லிக் காட்டுவேன், சந்தையையே 2017ல மூடிட்டாங்க, எங்க சண்டை மட்டும் ஓயல. "காஷ்மீர்" பாட்ட காஷ்மீர்ல உக்காந்து எழுதுனாங்கன்னு வேற கதை விட்டாரு. எழுதுறப்ப அவங்க பாடகர் ப்ளான்ட் அந்தப் பக்கமே போனதில்ல, மொராக்கோ பாலைவன ரோட்டுல கார்ல போறப்ப வந்த வரியாம். ஆனா அந்தப் பாட்டு வந்தா மட்டும் அடுப்பக் குறைச்சுட்டு ஹாலுக்கு வந்து நிப்பேன், அது வேற கணக்கு.

செம்பவாங் தாத்தா:
தங்கச்சி சொல்றதுல தப்பே இல்ல, டிக்சன் விசயத்துல நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஒண்ணு மட்டும் சேத்துக்கிறேன். நாம கதவ சாத்துன அதே 1972ல பேஜும் ப்ளான்ட்டும் பம்பாய் போய், இந்திய வாத்தியக்காரங்கள வச்சு "ஃப்ரெண்ட்ஸ்" பாட்ட மறுபடி பதிஞ்சாங்க, 2015ல அவங்களோட கோடா ஆல்பத்த திரும்பப் போட்டப்பதான் அது வெளிய வந்துச்சு. என் எல்பியில இருக்கிற பாட்டுதான் அது. அத முதல் தடவ கேட்டப்ப அண்ணனுக்கு ஃபோன் போட்டேன், அவரு முழுசாக் கேட்டுட்டு "இவனுங்களுக்கு முடி வெட்டியிருந்தா இங்கயே வந்திருப்பானுங்க"ன்னாரு, இன்னும் ஆறல பாருங்க.

பேரன் போன மாசம் என்எஸ் போனான், கட்டாய ராணுவ சேவைக்கு, தெக்கோங் தீவு முகாம்ல மொட்டை அடிச்சு விட்டுட்டாங்க. முதல் புக் அவுட்ல, அதான் லீவுல, வந்தவன் பசியாறிட்டு என் அலமாரியக் குடைஞ்சு அந்த எல்பிய எடுத்தான். பாட்டு போடச் சொல்லுவான்னு பாத்தேன். இல்ல, சக்கரத்த சுத்திக்கிட்டே உக்காந்திருந்தான்.