ராமேஸ்வரம் போகிற வழியில் காபி ருசிபார்க்கும் நிகழ்ச்சி: போகலாமா, வேண்டாமா?

மதுரைக்காரி:
அடுத்த வாரம் அப்பா அம்மாவோடு ராமேஸ்வரம் போகிறோம். மண்டபம் பக்கம் கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதியில் அறை போட்டாயிற்று. அங்கே சாயங்காலம் ஐந்து வகைக் காபியை வரிசையாக வைத்து, ஒருவர் கூடவே இருந்து சொல்லிக்கொடுக்க, பாலும் சீனியும் இல்லாமல் ருசி பார்க்கிற நிகழ்ச்சி நடத்துகிறார்கள். ஒன்றரை மணி நேரம், தலைக்கு 700 ரூபாய். எனக்கு ஆசை. அப்பாவோ "கடுங்காப்பி குடிக்க எழுநூறா?" என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், போகலாமா?

பாம்பன் கரைக்காரன்:
வேண்டாம் தங்கச்சி. எங்கள் கரையில் பனை உண்டு, உடைமரம் உண்டு, கடல் உண்டு. காபிச் செடி கிடையாது. காபியைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஏற்காடு, வால்பாறை என்று மலைக்குப் போங்கள். செடியைப் பார்க்கலாம், பழுத்ததைப் பிதுக்கி வாயில் போட்டும் பார்க்கலாம். கடலோரம் வந்து மலைச்சரக்கைக் குடிப்பதற்கு அவ்வளவு காசு எதற்கு?

இங்கே வருகிறவர்களுக்கு இந்த ஊரைக் காட்டுவதே குறைந்துகொண்டு வருகிறது. பாலத்தில் நின்று ஒரு படம், கோயில், தனுஷ்கோடி, அப்புறம் அறைக்குள் போய் எந்த ஊரிலும் கிடைக்கிற பொழுதுபோக்கு. விடியக்காலை கரைவலை இழுக்கிறவர்கள் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றால் சல்லிக்காசு செலவில்லை. குடிக்க வேண்டுமென்றால் கருப்பட்டிக் காப்பி குடியுங்கள். சாயல்குடிப் பக்கம் கோடையில் இறக்குகிற பதநீரைக் காய்ச்சி எடுத்த கருப்பட்டி. சுக்கு, மல்லி, இரண்டு மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டு, கடைசியில் கருப்பட்டியைப் போட்டு வடிகட்டினால் அதற்குப் பாலே தேவையில்லை. இந்த மண்ணின் ருசி அதுதான்.

தாண்டிக்குடித் தோட்டம்:
மலைக்கு வாருங்கள் என்று நானும்தான் கூப்பிடுவேன், கரைக்கார அண்ணே. ஆனால் விளைகிற இடத்தில்தான் ருசி பார்க்க வேண்டும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் மலையில் சிறுவிவசாயி பழமாகவோ காயவைத்த கொட்டையாகவோ வியாபாரியிடம் போட்டுவிடுகிறார். அதற்கப்புறம் அது எங்கே வறுபடுகிறது, எவர் வாயில் என்ன ருசி தருகிறது என்று விளைவித்தவருக்கே தெரியாது. விலையைத் தீர்மானிக்கிற ருசிபார்ப்பு எல்லாமே தோட்டத்துக்கு வெகுதூரத்தில், வாங்குகிறவர் கூடத்தில்தான் நடக்கிறது. குடிக்கிறவர்களும் அதைக் கற்றுக்கொண்டால் நல்ல கொட்டைக்கு நல்ல விலை கேட்க எங்களுக்கு ஒரு பலம்.

அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன், அப்பாவிடம் காட்டுங்கள். ஒவ்வொரு கோப்பையிலும் கொஞ்சம் கரகரப்பாக அரைத்த தூள். வழக்கமான கணக்கு 150 மில்லி தண்ணீருக்கு எட்டேகால் கிராம். முதலில் காய்ந்த தூளை முகர வேண்டும். அப்புறம், கொதித்துக் கொஞ்சம் அடங்கிய தண்ணீரை நேராகத் தூள்மேல் ஊற்றுவார்கள். பில்டர் கிடையாது. தூள் மேலே எழும்பி ஓர் ஏடு கட்டும். நான்கு நிமிடம் கழித்து, மூக்கைக் கோப்பைக்குள் விடாத குறையாகக் குனிந்து, கரண்டியின் முதுகால் அந்த ஏட்டை மெல்ல உடைப்பார்கள். அடைபட்டிருந்த வாசனை முழுக்க அந்த ஒரு நொடியில் மேலே வரும். அதைத் தவறவிடாதீர்கள். மிதக்கிற நுரையை இரண்டு கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, கொஞ்சம் ஆறவிட்டு, கரண்டியில் எடுத்து 'சர்ர்' என்று சத்தம் வர உறிஞ்ச வேண்டும். காபி நாக்கு முழுக்கத் தெறிக்கவும், வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறவும்தான் அந்தச் சத்தம். பெரியவர்கள் முன்னால் கூச்சப்பட வேண்டாம்.

இதில் முக்கியம், ஆறின பிறகு திரும்ப ருசி பார்ப்பது. சூட்டில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆற ஆறத்தான் கழுவிப் பதப்படுத்திய அரபிகா வகைக் கொட்டையில் எலுமிச்சை மாதிரி ஒரு புளிப்பும், பழத்தோடு காயவைத்ததில் ஒரு இனிப்பும், ரொபஸ்டா வகையில் கனமும் கசப்பும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். கெட்ட கொட்டையும் அப்போதுதான் மாட்டும். சாக்குப்பை வாடை, பூஞ்சை வாடை எல்லாம் ஆறின கோப்பையில் ஒளிய முடியாது.

ஒரு வேண்டுகோள். தலை நிறைய மல்லிகையோ சென்டோ வைத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் மூக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவர் மூக்கும் கெட்டுவிடும்.

டிகாஷன் பிரியன்:
உங்கள் அப்பா பக்கம்தான் நான். பித்தளை பில்டரில் ராத்திரியே தூளை அழுத்தி, காலையில் இறங்கிய முதல் டிகாஷனைப் புதுப்பாலில் கலந்து, டவராவில் ஆற்றிக் குடிக்கிற ஜனம் நாம். நம் வீடுகளில் கொட்டை ரகங்களில் பீபெரி இவ்வளவு, பிளான்டேஷன் ஏ இவ்வளவு, அதோடு சிக்கரி வேர்த்தூள் இவ்வளவு என்று தலைமுறையாகச் சொல்லி அரைத்து வாங்குகிறோமே, அது ருசி தெரியாமலா? இந்த மேசையில் நூற்றுக்கு எண்பது வாங்கினால் உயர்ரகம் என்று மதிப்பெண் போடுகிறார்கள். அந்த மதிப்பெண், பாலில் கலந்தால் காபி எப்படி நிற்கும் என்று பார்க்குமா? பார்க்காது. பால் ஊற்றினால் காணாமல் போகிற மெல்லிய காபிக்குத் தொண்ணூறு வரும், நம் டம்ளரில் கெட்டியாக நிற்கிற கலவைக்கு இடமே இருக்காது. நம் நாக்குக்கு ஏற்காத அளவுகோலை 700 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டாம்.

தாண்டிக்குடித் தோட்டம்:
பாலில் நிற்குமா என்று அந்த மதிப்பெண் பார்க்காது என்பது உண்மை. ஆனால் பிரியன் சார், பாலும் சிக்கரியும் எதையெல்லாம் மறைக்கின்றன என்று நீங்கள் சொல்லவில்லையே. கலவைத் தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம் என்று உணவு விதியே அனுமதிக்கிறது, பொட்டலத்தில் அளவைப் போட்டால் போதும். பாதிக்குப் பாதி வேர்த்தூளைக் குடித்துக்கொண்டு 'கெட்டியான காபி' என்று பெருமைப்படுகிற வீடுகள் நிறைய. சிக்கரியில் காபீன் துளியும் கிடையாது. கசப்பும் கறுப்பும்தான் கிடைக்கும். பிடித்துக் குடிப்பவர்கள் குடிக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. எது காபி, எது சிக்கரி என்று நாக்கால் பிரித்துச் சொல்லத் தெரிந்துகொண்டு குடிக்கட்டும் என்கிறேன். அதைக் கற்றுக்கொள்ள ஒரே வழி, ஒருமுறையாவது இரண்டையும் வெறுமையாக, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான்.

உச்சிப்புளி வாத்தியார்:
'இந்தக் கரைக்கும் காபிக்கும் என்ன சம்பந்தம்' என்கிற மாதிரி பேச்சு போகிறது. செடி இல்லை, சரி. ஆனால் தமிழ்நாட்டுக் கடற்கரையில் காபிக்காக இவ்வளவு உயிர் கொடுத்த கரை வேறு இல்லை.

1830களிலிருந்து கண்டி மலையில் வெள்ளைக்காரர்கள் காபித் தோட்டங்களைப் பெருக்கினார்கள். பழம் பறிக்க ஆள் வேண்டும். ராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்துக் கூட்டிப் போனார்கள். தேயிலை மாதிரி காபிக்கு ஆண்டு முழுக்க ஆள் தேவையில்லை. அறுவடைக்குப் போய்விட்டு ஊர் திரும்புவார்கள், அடுத்த ஆண்டு திரும்பவும் போவார்கள். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் என்று இந்தக் கரையிலிருந்துதான் தோணி ஏறினார்கள். மன்னார்ப் பக்கம் இறங்கி, வன்னிக் காட்டு வழியாக மாத்தளை வரை நடை. தண்ணீர் இல்லாமல், காலராவில், காய்ச்சலில், பட்டினியில் பாதையோரமே செத்துப்போனவர்கள் ஆயிரக்கணக்கில். 1869இல் அங்கே காபிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் காபி அழிந்து தேயிலை வந்தது. நம் ஜனங்கள் காபிக்காகப் போய்த் தேயிலைக்காரர்களாக அங்கேயே தங்கிப்போனார்கள்.

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. தோட்டத்துக்குப் போகிறவர்களை நிறுத்தி நோய்ச் சோதனை செய்கிற முகாம் எங்கே இருந்தது தெரியுமா? மண்டபத்தில். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களின் பேரப்பிள்ளைகள் திருப்பி அனுப்பப்பட்டபோதும் ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கித்தான் கோத்தகிரி, கூடலூர் என்று போனார்கள். அந்த முகாமில் இன்றும் இலங்கைத் தமிழ் அகதிகள் இருக்கிறார்கள். தங்கச்சி அறை போட்டிருப்பதும் மண்டபம் பக்கம்தான்.

ஆகவே என் கட்சி இது: இந்தக் கரையில் காபி ருசிபார்ப்பு தாராளமாக நடக்கலாம். நடத்துகிறவர் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

பாம்பன் கரைக்காரன்:
வாத்தியாரய்யா, நீங்கள் சொன்னதைப் படித்து மனசு கனத்துவிட்டது. எங்கள் பாட்டி வழியிலும் கண்டிக்குப் போய்த் திரும்பாதவர்கள் உண்டு. ஆனால் இதுவே என் பக்கத்துக்கு வலு என்று நினைக்கிறேன். அந்த மேசையில் இதைச் சொல்வார்களா? ஏமனிலிருந்து ஏழு கொட்டையை மறைத்துக் கொண்டுவந்த பாபா புதன் கதையைச் சொல்லுவார்கள், சிக்மகளூர் மலைப் படத்தைக் காட்டுவார்கள். மண்டபம் முகாமுக்குக் கூப்பிடுதூரத்தில் உட்கார்ந்துகொண்டு அதன் பெயரையே எடுக்காமல் முடித்துவிடுவார்கள். அப்படி நடந்தால் அது இந்த ஊருக்கு அவமரியாதை.

கீழக்கரையான்:
ஒரு விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். தண்ணீர். கோப்பையில் இருப்பதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் அதுதான். எங்கள் பகுதி நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர். அதில் போட்ட காபி வாயில் சப்பென்று, ஓரத்தில் உப்புக் கரிக்கும். சரி, கேன் தண்ணீர் என்று போனால் அது வேறு தொந்தரவு. உப்பை எல்லாம் உறிஞ்சி எடுத்த தண்ணீரில் காபியின் சாரம் சரியாக இறங்காது, உயிரில்லாமல் இருக்கும். ருசிபார்ப்புக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் தாது கரைந்த தண்ணீர்தான் ஏற்றது என்று வைத்திருக்கிறார்கள்.

தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டிய ஊற்றில் சுரக்கிற தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுற்றிலும் கடல், ஊற்றில் இனிப்பு. வில்லூண்டித் தீர்த்தமும் அப்படித்தான். தண்ணீரின் ருசியை இந்தக் கரைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நிகழ்ச்சி நடத்துகிறவர் ஒரே காபியை மூன்று தண்ணீரில் போட்டுக் காட்டினால், வேறெந்த ஊரிலும் கிடைக்காத பாடம் அது. அதற்கு நான் காசு கொடுப்பேன்.

இன்னொன்று. 'கடல்காற்று பட்ட காபி' என்று இங்கே யாராவது விற்றால் நம்பாதீர்கள். பருவக்காற்றில் ஊறவைக்கிற காபி மங்களூர்ப் பக்கத்துச் சமாச்சாரம். ஜூன் தொடங்கி மேற்குக் கரையில் அடிக்கிற ஈரக்காற்றில், கிடங்கில் பரப்பி வைத்து மாதக்கணக்கில் உப்பவைப்பார்கள். நமக்கு மழையே ஐப்பசி கார்த்திகையில்தான். இங்கத்துக் கடல்காற்று காபித்தூளைக் கட்டிதட்ட வைக்கும், அவ்வளவுதான்.

மதுரைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. விடுதிக்குப் போன் செய்து கேட்டேன். ஐந்தில் ஒன்று தாண்டிக்குடி அரபிகா, ஒன்று வயநாடு ரொபஸ்டா, மற்ற மூன்றும் கர்நாடகம். வறுத்த தேதி பொட்டலத்தில் இருக்குமாம். என்ன தண்ணீர் என்றதற்குக் கேன் தண்ணீர் என்றார். கீழக்கரை அண்ணன் சொன்னபடி இரண்டு மூன்று தண்ணீரில் போட்டுக் காட்ட முடியுமா என்றேன். காவிரிக் குழாய்த் தண்ணீரையும் வைத்துப் பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். சிக்கரி கலந்த கோப்பை ஒன்று தனியாக வைக்கவும் சம்மதம். கண்டிக் கதையை அவர் கேள்விப்பட்டதில்லையாம், எழுதி அனுப்பச் சொன்னார். வாத்தியார் ஐயா, உங்கள் பதிவை அப்படியே அனுப்பலாமா? அப்பா இன்னும் பிடிகொடுக்கவில்லை. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு வருகிற அன்றைக்கு வேண்டாம், மறுநாள் காலைக்கு மாற்றினால் வருகிறேன் என்கிறார். மாற்றக் கேட்டிருக்கிறேன்.

உச்சிப்புளி வாத்தியார்:
தாராளமாக அனுப்பம்மா. தொண்டி, தேவிபட்டினம் பெயரை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லு. காலைக்கு மாற்றுவதும் நல்லது. ரொபஸ்டாவில் அரபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காபீன். சாயங்காலம் ஐந்து கோப்பையையும் விழுங்கினால் வயசானவர்களுக்கு ராத்திரி தூக்கம் வராது. துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், வெட்கப்படாமல் துப்பச் சொல்லு.

டிகாஷன் பிரியன்:
சிக்கரிக் கோப்பை வைக்கிறார்கள் சரி, பக்கத்தில் கொஞ்சம் சூடான பாலும் கேளுங்கள். எந்தக் கொட்டை பாலில் நிற்கிறது என்று அப்பாவே மதிப்பெண் போடட்டும்.

பாம்பன் கரைக்காரன்:
கருப்பட்டி வைக்கிறார்களா?

மதுரைக்காரி:
கேட்டேன் அண்ணே. இனிப்பு எதுவும் மேசையில் வைக்கிற வழக்கம் இல்லை என்றார்.

தாண்டிக்குடித் தோட்டம்:
அதில் அவர் சொல்வது சரி. கருப்பட்டி வாசனை பலமானது. வைத்தால் அடுத்த கோப்பையில் எதுவும் தெரியாது. கடைசியில், எல்லாம் முடிந்தபிறகு வைக்கலாம்.

பாம்பன் கரைக்காரன்:
கடைசியில் வைத்தாலும் போதும், ஆனால் வைக்க வேண்டும். அதுவரைக்கும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தங்கச்சி, கருப்பட்டி வாங்கும்போது சீனி கலப்பில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே பளபளவென்று பரல் மின்னினால் சந்தேகம்தான்.