அம்மாவின் குடலும் கோழிப் புழுவும்

அம்மாவுக்கு 72 வயது. போன ஐப்பசி அடைமழையில் ஒருநாள் காலையிலிருந்து வாந்தி. வயிறு உப்பிக்கொண்டது, காற்றுகூடப் பிரியவில்லை. பித்தம் என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி ரெண்டு வருஷமாக இருந்திருக்கிறது. கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் அது கல் மாதிரி இறுகி, தொட்டாலே அலறினார். ஹெர்னியாவாம், அதாவது குடலிறக்கம். உள்ளே சிக்கிய குடலுக்கு ரத்தம் போகவில்லை என்றார்கள். அன்றிரவே ஆபரேஷன். கறுத்துப்போன பகுதியை வெட்டிவிட்டு மீதியை இணைத்தார்கள்.

ரெண்டாம் ராத்திரி அம்மா என்னை அடையாளம் தெரியாமல், "கோழியை அடைச்சியா? கீரி நிக்குது பாரு" என்று மூக்குக் குழாயைப் பிடுங்கப் பார்த்தார். புத்தி பேதலித்துவிட்டதோ என்று உடம்பே நடுங்கிவிட்டது. வயதானவர்களுக்குப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிக் குழப்பம் வருவது உண்டு என்று நர்ஸ் தைரியம் சொன்னார். கண்ணாடியை மாட்டிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, இது ஆஸ்பத்திரி, நான்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூணு நாளில் தெளிந்தது.

வீட்டுக்கு வந்தால் கோழிகள் இளைத்துக் கிடந்தன. கொண்டை வெளுத்து, இறக்கை தொங்கி, முட்டையும் நின்றிருந்தது. செத்த ஒன்றை அறுத்துப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு வெள்ளைப் புழுக்கள், சேமியா திணித்த மாதிரி குடலை அடைத்திருந்தன. பக்கத்து வீட்டு அத்தை, "இதுதான் உங்க அம்மா குடலையும் அடைச்சிருக்கு, எல்லாத்தையும் வித்துடு" என்றார். அம்மா அன்று கஞ்சி குடிக்கவில்லை.

மறுநாளே கால்நடை டாக்டரிடம் ஓடினேன். இது கோழிக்கு வரும் உருண்டைப் புழு, மனிதருக்கு வருவது வேறு, இது நம் குடலில் குடியேறாது என்றார். தையல் பிரித்தபோது ஆபரேஷன் செய்த டாக்டரும் அதையேதான் சொன்னார்: தசை பலவீனப்பட்ட இடத்தில் குடல் இறங்கியிருக்கிறது, புழுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பைப்பரசின் மருந்தைக் கோழிகளுக்குத் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். அது வளர்ந்த புழுவைத்தான் வெளியேற்றும், குஞ்சுப் புழு தப்பிவிடும். அதனால் சில வாரம் கழித்து மறுபடியும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் கால்நடை டாக்டர்.

பதில்:
அக்கா, மருந்து மட்டும் போதாது. ஈரக் கூட்டில் புழு முட்டை மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எச்சத்தைச் சுரண்டி அள்ளி, தரை நன்றாகக் காய்ந்த பிறகு புது உமி போடுங்கள். இல்லாவிட்டால் ரெண்டே மாசத்தில் பழைய கதைதான். ஆனால் அந்த வேலையை அம்மாவைச் செய்ய விடாதீர்கள். எங்கள் அப்பா வயிற்று ஆபரேஷன் முடிந்த மூணாவது வாரமே மண்வெட்டியைத் தூக்கினார். தழும்புப் பக்கம் புடைத்துக்கொண்டு, மறுபடியும் ஆபரேஷன். அம்மாவைத் திண்ணையில் உட்கார்ந்து அரிசி வீசச் சொல்லுங்கள், குனிய வேண்டியதில்லை.

பதில்:
நன்றி தம்பி. கூட்டை நானே சுரண்டிவிட்டேன். அம்மா இப்போது திண்ணையிலிருந்துதான் தீனி போடுகிறார். நேற்று அத்தை வந்தபோது அந்தக் கட்டியைப் பற்றி அம்மாவே வாய்விட்டுச் சொன்னார். அத்தைக்கும் அதே இடத்தில் ஒன்று இருக்கிறதாம். நாளைக் காலை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.