நடந்துகொண்டிருக்கும் நிரலாக்கப் போட்டியின் கணக்கைச் சந்தேகமாகக் கேட்டால் எப்படிக் கையாள்வது?

கேட்டவர் (உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்):
வணக்கம். தொடக்கக்கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் படிக்கும் தமிழ் மாணவர்களின் நிரலாக்கச் சந்தேகங்களுக்குப் பதில் எழுதும் சிறு குழு ஒன்றை நானும் இரு நண்பர்களும் கவனித்து வருகிறோம். சென்ற சனிக்கிழமை இரவு எட்டரை மணியளவில் ஒரு மாணவர், உணவங்காடிக் கடையில் வரிசையாக 2 லட்சம் தட்டுகள் வரை இருப்பதாகவும், அடுத்தடுத்த தட்டுகளின் விலைகளைக் கூட்டினால் கொடுக்கப்பட்ட ஓர் எண்ணால் மீதியின்றி வகுபடும் தொடர்கள் எத்தனை என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றும் கேட்டார். தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்து, ஒவ்வோர் இடத்திலும் கிடைக்கும் மீதியைக் குறித்து வைத்து, ஒரே மீதி மீண்டும் வரும் இணைகளை எண்ண வேண்டும் என்று முழு வழியையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு போட்டியின் கணக்குதான் தட்டுக் கதையாக உருமாறி வந்திருந்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது. அதே போட்டியில் தானாக முயன்று முடிக்க இயலாமல் போன ஒரு மாணவி, "அண்ணா, நீங்களே சொல்லிக் கொடுக்கலாமா?" என்று கேட்டார், என்னிடம் பதில் இல்லை. போட்டிக் கணக்குகளை அடியோடு தடை செய்துவிடலாமா?

மறுமொழி 1:
தடை வேண்டாம். முடிந்த போட்டிகளின் கணக்குகளைவிடச் சிறந்த பயிற்சி வேறு இல்லை. மேலும், போட்டியின் விதிகளுக்கு ஒப்புக்கொண்டு பதிந்தவர் அந்த மாணவர், நீங்கள் அல்ல. உலகில் எந்த நேரத்தில் எந்தப் போட்டி நடக்கிறது என்று காவல் காப்பது உங்கள் வேலையும் அல்ல. எந்தக் கேள்வியாக இருந்தாலும், தான் எழுதிய நிரலையும் அது எங்கே தவறுகிறது என்பதையும் காட்டாமல் கணக்கை மட்டும் ஒட்டிவிட்டுப் போகிறவருக்குப் பதில் எழுதாதீர்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதில் பாதியை ஏற்கிறேன். காவல் காக்க வேண்டாம். ஆனால் கண்ணில் பட்ட பிறகு பாராமுகமாக இருப்பது அந்த மாணவியைப் போன்றவர்களுக்குச் செய்யும் அநீதி. மாணவர் மன்றப் போட்டி ஒன்றுக்கு நானும் கணக்கு அமைத்திருக்கிறேன்; நான்கு மாலை உட்கார்ந்து சோதனைத் தரவு தயாரித்த கணக்கின் விடை, போட்டி தொடங்கிய அரை மணி நேரத்தில் வெளியே உலவியதைப் பார்த்தபோது ஏற்பட்ட எரிச்சல் இன்னும் போகவில்லை.

அடையாளம் காண்பது அவ்வளவு கடினமில்லை. வீட்டுப்பாடத்தில் "2 லட்சம் வரை" என்ற எல்லையும், இரண்டு விநாடி நேர வரம்பும், விடையை 998244353 ஆல் வகுத்த மீதியாகச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையும் அரிதாகவே வரும். கடிகாரத்தையும் பாருங்கள். இணையவழிப் போட்டித் தளங்களில், அட்கோடரின் தொடக்கநிலைப் போட்டி பெரும்பாலும் சனிக்கிழமை நமது நேரம் இரவு 8 மணிக்குத் தொடங்கி 100 நிமிடம் நடக்கும்; லீட்கோட்டின் வாராந்தரப் போட்டி ஞாயிறு காலை 10.30க்கு, கோட்ஃபோர்சஸ் சுற்றுகள் பல இரவு 10.35க்கு. ஐயம் வந்தால் கணக்கின் இணைப்பையும் போட்டி முடியும் நேரத்தையும் கேளுங்கள். நேரம் முடியும்வரை கேள்வியை நிறுத்தி வையுங்கள், நீக்காதீர்கள். கோட்ஃபோர்சஸின் மூன்றாம் பிரிவுச் சுற்றுகளில் போட்டி முடிந்த பின்னும், பிறர் நிரல் தவறும்படியான உள்ளீட்டைக் கொடுத்து அதை உடைத்துப் பார்க்கும் 12 மணி நேரம் இருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். தேசியத் தகவலியல் ஒலிம்பியாட் போன்றவற்றில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். அதன் அனைத்துலகப் போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து நான்கு பேர்தான் போக முடியும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. முடிவு நேரமே இல்லாத கணக்குகளுக்கு என்ன செய்வது?

மறுமொழி 2:
அந்தந்தத் தளம் கேட்டுக்கொண்டதைப் பின்பற்றலாம். கணிதம் கலந்த நிரலாக்கக் கணக்குகளைத் தரும் புராஜெக்ட் ஆய்லர், முதல் 100 கணக்குகளின் தீர்வுகளை மட்டும் வெளியில் பேச இசைகிறது. அதற்கு மேல் குறிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேட்டவர் (ஒரு வாரம் கழித்து):
நடந்ததைத் தெரிவிக்கிறேன். இணைப்பையும் நேரத்தையும் கேட்கத் தொடங்கியதும் இருவர் கேள்வியை அவர்களாகவே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தட்டுக் கணக்கைக் கேட்ட மாணவரோ, இம்முறை மூலக் கணக்கின் இணைப்பு, தமது நிரல் இரண்டையும் கொடுத்து, நான் சொன்ன வழியில் எழுதியும் போட்டியில் தவறான விடை என்றே வந்ததாகச் சொன்னார். மூலத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது: அதில் எதிர்ம எண்களும் உண்டு. தட்டின் விலை எதிர்மமாக இருக்காதே என்று நான் அதை நினைத்தே பார்க்கவில்லை. கதையை மாற்றியவரே தமக்குக் கிடைக்கவிருந்த சரியான பதிலையும் மாற்றிவிட்டார்.

சி++ மொழியில் -3ஐ 5ஆல் வகுத்தால் மீதி -3 என்று வரும், பைத்தானில் 2 என்று வரும். -3, 2 இரண்டும் இங்கே ஒரே மீதிதான் என்றாலும் சி++ இல் அவை வேறாகத் தெரிந்து இணைகள் விடுபடும். எனவே சி++ இல் மீதியோடு வகுஎண்ணைக் கூட்டி மறுபடியும் மீதி காண வேண்டும். விடை 2,000 கோடி வரை போகக்கூடும் என்பதால் சுமார் 214 கோடியோடு நின்றுவிடும் 32 பிட் முழு எண்ணும் போதாது. இவ்விரண்டையும் அவருக்கு நான் எழுதுவதற்குள், போட்டி முடிந்த பின் அந்தக் கணக்கைத் தானே தீர்த்திருந்த அந்த மாணவி எழுதிவிட்டார்.