பேசாமல் இருப்பவர்கள் பேரை எடுக்கலாமா? (சுங்கை சிப்புட் ஞாயிறு ரைடு)

பழைய சி70
எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வர்றேன். நம்ம மோட்டார் சைக்கிள் குழுவுல 140 பேர் இருக்கோம். ஞாயித்துக்கிழமை ரைடு கிளம்புற கடைக்கு வர்றது பதினஞ்சு, இருபது பேர். மிச்சப் பேர் எங்க இருக்காங்க, மோட்டார் ஓட்டுறாங்களா இல்லையான்னே தெரியல. மூணு மாசமா வாய் திறக்காதவங்க இந்த மாசக் கடைசிக்குள்ள "இருக்கேன்"னு ஒரு வார்த்தை போடுங்க. போடாதவங்க பேரைக் குழுவுலேர்ந்து எடுத்துடலாம்னு இருக்கேன்.

கோபத்துல சொல்லல. போன மாசம் நடந்தது தெரியாதவங்களுக்குச் சொல்றேன். லிந்தாங் ரோட்டுல செம்பனை (எண்ணெய்ப் பனை) லோரி திரும்புற வளைவு. ராத்திரி நல்ல மழை. லோரியிலேர்ந்து கொட்டுன உதிரிப் பழம் ரோடு பூரா நசுங்கி, எண்ணெய் தடவின மாதிரி கெடந்துச்சு. முன்ன போனவங்க தப்பிச்சோம். கடைசியா வந்த தம்பி விழுந்துட்டாரு. ஹெல்மெட்டைக் கழட்டாதீங்கன்னு சத்தம் போட்டு, கழுத்து அசையாம நான் பிடிச்சிக்கிட்டேன். ஒருத்தர் 999க்கு அடிச்சாரு. ஒருத்தர் மரக்கிளையை ஒடிச்சு வளைவுக்கு முன்னால போட்டாரு. ஆம்புலன்ஸ்ல வந்தவங்க பேர் கேட்டாங்க. யாருக்கும் தெரியல. ஒரு வருஷமா குழுவுல இருக்காரு, அன்னைக்குத்தான் முதல் ரைடு. குழுவுல அவர் முகத்துக்குப் பதிலா ஒரு புலிப் படம். ஃபோன் பூட்டியிருக்கு. முக்கால் மணி நேரம் கழிச்சு அவங்கம்மாவே கூப்பிட்டாங்க, அப்புறந்தான் வீட்டுக்குத் தெரிஞ்சுது. தோள் எலும்போட போச்சு. அந்த அம்மா குரல் இன்னும் காதுல இருக்கு.

ஒய்15 லிந்தாங்
அண்ணே சொல்றது நூத்துக்கு நூறு சரி. இன்னொன்னும் இருக்கு. எங்க குழி, எந்தக் கடையில டயர் நியாயமான விலை, கேமரன் மலை ஏற தாப்பா பாதையா சிம்பாங் பூலாய் பாதையான்னு நாம மாத்தி மாத்தி எழுதுறோம். நூறு பேர் எடுத்துக்கிறாங்க, ஒரு வார்த்தை இல்ல. குழுன்னா கொடுக்கல் வாங்கல் ரெண்டும் இருக்கணும்.

காராய் வாத்தியார்
இதில் இரண்டு விஷயங்கள் கலந்துவிட்டன. கூட வண்டி ஓட்ட வருகிறவர் பெயரும் வீட்டு எண்ணும் தர வேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. மலேசியாவில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார்காரர்கள்தாம். ஆனால் வீட்டில் உட்கார்ந்து படிக்கிறவரை ஏன் விரட்ட வேண்டும்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று தெரியும். விடியுமுன் களத்தில் நிற்க வேண்டும், கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார், இல்லாதவனுக்கு அன்றைய சம்பளம் இல்லை. என் தாயார் காய்ச்சலோடு போய் நின்ற நாள்கள் உண்டு. ஓய்வு நாளில் ஆசைக்கு மோட்டார் ஓட்டுகிற இடத்தில் அந்தப் பெரட்டு வேண்டாம், ஐயா.

பழைய சி70
வாத்தியாரே, நானும் தோட்டத்து லயத்துல பொறந்தவன்தான். எங்கப்பா ரப்பர் பால் வெட்டுனாரு. ஒரு நாள் பால் நிறுக்கிற நேரத்துல அவரைக் காணோம். வேலையை மேப்பார்வை பாக்கிற தண்டல் ஆளை எண்ணிப் பாத்தாரு, ஒண்ணு கொறஞ்சுது, உடனே ரெண்டு பேரை நிரைக்குள்ள அனுப்புனாரு. பாம்பு கடிச்சு மரத்தடியில கெடந்தாரு எங்கப்பா. அன்னைக்கு எண்ணாம விட்டிருந்தா நான் அப்பா இல்லாம வளர்ந்திருப்பேன். எண்ணுறது எப்பவும் கெட்டதுன்னு என்னால ஒத்துக்க முடியாது.

காராய் வாத்தியார்
அவர் பிழைத்தது காட்டிலிருந்து திரும்பும்போது எண்ணியதால், ஐயா. ரைடு முடிந்து திரும்பும்போது எண்ணுங்கள். நானே நோட்டுப் புத்தகம் கொண்டு வருகிறேன்.

ராத்திரி ஷிப்ட்
ரெண்டு வருஷமா பேசாத ஆள்ல நானும் ஒருத்தி. இருக்கேன்.

கையுறை ஃபேக்டரியில ராத்திரி ஏழு மணியிலேர்ந்து காலையில ஏழு வரைக்கும் வேலை. எஸ்டேட்டுலேர்ந்து ஈஎக்ஸ்5 மோட்டார்ல போய் வர்றேன். ஞாயித்துக்கிழமை நீங்க கிளம்புற நேரத்துல நான் தூங்கப் போவேன். ஆனா நீங்க எழுதுறதை ஒண்ணு விடாம படிக்கிறேன். சங்கிலிப் பெட்டியில சின்ன ரப்பர் மூடி ஒண்ணு இருக்கு, அதைத் திறந்து விரலை விட்டுத் தூக்கிப் பாத்தா சங்கிலி ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான் ஆடணும்னு இங்கதான் படிச்சேன். பாத்தேன். என்னோடது பெட்டியிலயே இடிக்கிற அளவுக்குத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. மறுநாளே இறுக்கிட்டேன். ராத்திரி செம்பனைக் காட்டு நடுவுல சங்கிலி அறுந்தா என் கதி என்னன்னு உங்களுக்கே தெரியும். அதை எழுதினவருக்கு நன்றி சொல்லல, தப்புதான்.

ஏன் பேசலன்னு கேட்டா சொல்றேன். சேர்ந்த புதுசுல பின் பிரேக் பத்தி ஒரு கேள்வி போட்டேன். "வீட்டுக்காரரைக் கேக்கச் சொல்லுங்க"ன்னு ஒருத்தர் எழுதுனாரு. கீழ வரிசையா சிரிப்புப் படம். வீட்டுக்காரர் இல்லாததாலதான் நான் மோட்டார் ஓட்டுறேன். அதுக்கப்புறம் எழுத மனசு வரல.

ஒய்15 லிந்தாங்
அக்கா, அப்ப நான் குழுவுல இல்ல. கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா உங்களுக்கு இருக்கிற காரணம் நூறு பேருக்கும் இருக்கும்னு சொல்ல முடியாது. நிறைய பேர் சும்மாதான் இருக்காங்க.

ஜொகூர் பாலம்
நானும் இருக்கேன். நாலு வருஷம் ஆச்சு, இதுதான் முதல் வார்த்தை.

நம்ம ஊர்தான். இப்ப ஜொகூர் பாருவுல வாடகை வீடு, வேலை சிங்கப்பூர்ல. காலையில நாலே காலுக்குக் கிளம்பி, அந்த ஒரு கிலோமீட்டர் பாலத்துல ஆயிரக்கணக்கான மோட்டாருக்கு நடுவுல காலை ஊனி ஊனி நகர்வேன். வரிசை நின்னா உங்க படத்தைப் பாப்பேன். நம்ம காராய் விக்டோரியா பாலத்து ஓரப் பாதையில ஒத்தை ஒத்தையா மோட்டார் போற படம் போட்டீங்களே, அதை ரெண்டு மாசம் ஃபோன் முகப்புல வச்சிருந்தேன். ஐநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு ஞாயிறு ரைடுக்கு நான் என்னத்தைச் சொல்றது?

ஆனா அந்த வளைவைப் பத்திச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. எங்கப்பா அந்தப் பக்கம் பழ லோரி ஓட்டுனவரு. வெட்டுன குலையை 24 மணி நேரத்துக்குள்ள மில்லுக்குக் கொண்டு போகணும், இல்லன்னா எண்ணெய் தரம் கெட்டுடும். ஞாயிறு லீவுங்கிறதால சனிக்கிழமை சாயங்காலம் இருக்கிறதை எல்லாம் அள்ளி, பாரம் தாண்டி ஏத்துவாங்க. பழுத்த குலை குலுங்குனா பழம் உதிரும், அந்த வளைவுல லோரி சாயுறப்ப ஒரு பக்கமா கொட்டும். அதனால வாரத்துலயே மோசமான நேரம் ஞாயிறு விடிகாலைதான். சனி ராத்திரி மழை பெஞ்சிருந்தா எட்டு மணிக்கு மேல வெயில் ஏறி ரோடு காய்ஞ்ச பிறகு போங்க, இல்ல கோலகங்சார் பக்கம் திருப்பிடுங்க.

ஒய்15 லிந்தாங்
இதை இத்தனை நாளா ஏண்ணே சொல்லல?

ஜொகூர் பாலம்
யாரும் கேக்கல தம்பி.

ஒய்15 லிந்தாங்
அதைத்தான் நான் முதல்லேர்ந்து சொல்றேன். நாலு வருஷமா மாசம் ஒரு வார்த்தை பேசுற பழக்கம் உங்களுக்கு இருந்திருந்தா, இது எங்க காதுல விழுந்திருக்கும். அந்தப் பையன் தோள் போயிருக்காது. மன்னிச்சிடுங்க, மனசுல பட்டதைச் சொல்றேன்.

ஜொகூர் பாலம்
சுடுது தம்பி. ஆனா தப்புன்னு சொல்ல முடியல. விழுந்த சேதி வந்த அன்னைக்கே எழுதலாம்னு ஃபோனை எடுத்தேன். வெளியூர்க்காரன் பாடம் எடுக்கிறான்னு நெனப்பீங்களோன்னு அழிச்சிட்டேன்.

பழைய சி70
எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். பேர் எடுக்கிறதை நிறுத்திட்டேன். வாத்தியார் நோட்டு இந்த வாரத்துலேர்ந்து கடை மேசையில இருக்கும். பேர், வீட்டு நம்பர், ரத்த வகை எழுதாம யாரும் கிளம்பக் கூடாது, புலிப் படம் போட்டவங்களும்தான். திரும்பி வந்து தே தாரேக் குடிக்கிறதுக்கு முன்னால ஆளை எண்ணுவோம். ஒய்15 தம்பி சொன்னதையும் நான் தள்ளல. மாசம் முதல் தேதி நானே "யார் யார் எங்க இருக்கீங்க"ன்னு கேப்பேன். பதில் சொல்றதும் சொல்லாததும் அவங்கவங்க விருப்பம்.

ராத்திரி ஷிப்ட் அக்காவுக்கு ஒண்ணு. அந்தப் பழைய பதிவைத் தேடி எடுத்து அழிச்சிட்டேன். எழுதினவருக்கு ஃபோன் போட்டுப் பேசினேன். அன்னைக்கே நான் அதைப் பாத்தேன், பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம விட்டுட்டேன். அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.

ராத்திரி ஷிப்ட்
சரிங்கண்ணே. அந்தக் கேள்வி அப்படியேதான் நிக்குது. பின் பிரேக்கை ரொம்ப ஆழமா மிதிக்க வேண்டியிருக்கு. கம்பியை இறுக்குனா போதுமா, பிரேக் ஷூவே மாத்தணுமா?

ஒய்15 லிந்தாங்
அக்கா, பின் சக்கரத்து நடுவுல, பிரேக் கம்பி வந்து சேர்ற இடத்துல சின்ன அம்புக்குறி ஒண்ணு இருக்கும். அது பக்கத்துலயே மூடியில ஒரு அடையாளம் இருக்கும். பிரேக்கை முழுசா மிதிச்சிப் பிடிச்சிக்கிட்டு பாருங்க. அம்பு அந்த அடையாளத்துக்கு நேரா வந்துட்டா ஷூ தேய்ஞ்சு முடிஞ்சுது, மாத்தியே ஆகணும். அதுக்கு முன்னாலயே நின்னா கம்பி நட்டைத் திருகினா போதும். ஞாயிறு கடைக்குக் கொண்டாங்க, நான் பாத்துத் தர்றேன்.

ராத்திரி ஷிப்ட்
ஞாயிறு முடியாது தம்பி. திங்கக்கிழமை ஷிப்ட் முடிஞ்சு ஏழரைக்கு வந்தா இருப்பீங்களா?

ஒய்15 லிந்தாங்
இருப்பேன் அக்கா. ஸ்பேனர் என்கிட்டயே இருக்கு.