பிரவுசர் டைட்டில் பாரில் நாமே பெயர் வைக்க முடியுமா?

கேள்வி:
விண்டோஸில் குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் பல விண்டோ திறந்து வைத்து வேலை. ஆல்ட்-டேப் அடித்தால் எது எதற்கு என்று பிடிபடுவதில்லை. "கணக்கு", "டெஸ்டிங்" என்று பெயர் வைக்க வழி உண்டா? இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) ஒரு ஸ்ட்ரிங், அதாவது எழுத்து மதிப்பு, சேர்த்தால் போதுமே, அது போல?

பதில் 1:
அந்த 'விண்டோ டைட்டில்' ஸ்ட்ரிங்கை வேறு பிரவுசர் எதுவும் படிக்காது. 2022 ஜூன் 15-ல் விண்டோஸ் 10-க்கான எக்ஸ்ப்ளோரர் 11-க்கே ஆதரவு முடிந்துவிட்டது, அதை விடுங்கள்.

குரோமில் டேப் வரிசையின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'நேம் விண்டோ' கொடுங்கள். டேப் நிரம்பி இடமே இல்லையென்றால் மூன்று புள்ளி மெனு, 'மோர் டூல்ஸ்' வழியாகப் போகலாம். எட்ஜிலும் இந்த வசதி உண்டு. பெயரை நீக்க, அதே பெட்டியைக் காலியாக்கி ஓகே. ஒன்று கவனியுங்கள்: விண்டோவின் உச்சியில் எழுத்து எதுவும் தெரியாது. குரோமில் அந்த இடம் முழுக்க டேப்தான். பெயர் டாஸ்க்பாரிலும் ஆல்ட்-டேபிலும் மட்டும் வரும்.

பதில் 2:
ஃபயர்பாக்ஸில் நிஜமான டைட்டில் பாரே கிடைக்கும். டூல்பாரில் ரைட் கிளிக், 'கஸ்டமைஸ் டூல்பார்', கீழே இடது மூலையில் 'டைட்டில் பார்' டிக். ஆனால் பெயர் வைக்கும் வசதி உள்ளே இல்லை, எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்க்கும் சிறு நிரல்) வேண்டும். 'விண்டோ டைட்டில்' என்று தேடி, டைட்டிலுக்கு முன்னால் எழுத்து சேர்க்கும் ஒன்றைப் போடுங்கள். இதற்கான வசதி 56-ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. சொந்தமாக நாலு வரியில் ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதியும் செய்யலாம்; ஆனால் டீபக்கிங் பக்கம் (எக்ஸ்டென்ஷனைச் சோதிக்கும் ஃபயர்பாக்ஸ் பக்கம்) வழியாகத் தற்காலிகமாக ஏற்றினால் பிரவுசரை மூடியதும் போய்விடும்.

பெயர் சின்னதாக இருக்கட்டும். டாஸ்க்பாரில் முதல் சில எழுத்துதான் தெரியும்.

பதில் 3:
கீபாஸ் மாதிரி டைட்டிலைப் பார்த்து பாஸ்வேர்டு நிரப்பும் மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை. குரோமில் பெயர் வைத்ததும் பக்கத்தின் டைட்டில் விண்டோ டைட்டிலிலிருந்து காணாமல் போகிறது, அதனால் பாஸ்வேர்டைத் தானாக அடிக்கும் ஆட்டோ-டைப், சேமித்ததில் எந்தப் பதிவு என்று தெரியாமல் நின்றுவிடும். ஃபயர்பாக்ஸில் இந்தத் தொல்லை குறைவு: பெயர் முன்னால் ஒட்டுகிறது, டைட்டில் பின்னால் அப்படியே இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. குரோமில் ஒரே ஒரு தளத்தின் டைட்டிலுக்கு முன்னால் மட்டும் "டெஸ்ட்" வரவைக்க?

பதில் 2:
அதற்கு டேம்பர்மங்கி என்ற எக்ஸ்டென்ஷனில் யூசர்ஸ்கிரிப்ட்தான் (தளத்தின் பக்கத்தில் நாமே ஓட்டும் சிறு ஜாவாஸ்கிரிப்ட்). டைட்டிலை ஒரு முறை மாற்றினால் பத்தாது. பக்கம் புதிதாக லோடு ஆகாமலே உள்ளே நகரும் தளங்கள், ஒவ்வொரு கிளிக்குக்கும் டைட்டிலைத் திரும்ப எழுதும். எனவே மியூட்டேஷன் அப்சர்வரை (பக்கத்தில் மாற்றம் வந்தால் தெரிவிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் வசதி) வைத்து டைட்டிலைக் கண்காணிக்க வேண்டும். இங்கேதான் பலர் மாட்டுவது: நீங்கள் செய்யும் மாற்றமும் அப்சர்வரைத் தட்டும். "டெஸ்ட் டெஸ்ட் டெஸ்ட்" என்று நீண்டுகொண்டே போய் டேப் உறைந்துவிடும். ஏற்கெனவே "டெஸ்ட்" என்று தொடங்குகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மட்டும் சேருங்கள். அப்புறம் அந்தப் பக்கத்தை புக்மார்க் செய்தால் பெயரிலும் "டெஸ்ட்" ஏறிவிடும், சேமிக்கும்போது கையால் நீக்குங்கள்.