5 மில்லிமீட்டருக்கு நடுவில்

டர்பனில் ஸ்கேன் பிரிவில் வேலை பார்க்கிறேன். சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு ஆயா, வேறோர் இடத்தில் எடுத்த நெஞ்சு சி.டி. ஸ்கேனை டிஸ்க்கில் கொண்டுவந்தார். படத்துக்குள் ஒரு பிக்சல் 0.7 மி.மீ. தான், ஆனால் ஒவ்வொரு ஸ்லைஸும், அதாவது உடம்பைக் குறுக்கே வெட்டின மாதிரி வரும் ஒவ்வொரு படமும், 5 மி.மீ. கனம். குறுக்குவெட்டில் குறையில்லை. முன்பக்கத்திலிருந்து பார்க்கிற மாதிரி திருப்பினால் விலா எலும்பெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக நின்றது. "பெரிசு பண்ணிப் பாரு தம்பி, தெரியும்" என்றார் ஆயா.

சரி என்று, இருக்கிற எண்கள் வழியாக ஒரு வளைவு வரைந்து நடுவில் உள்ளதைக் கணக்கிடும் கியூபிக் முறையில், 0.7 மி.மீ.க்கு ஒரு ஸ்லைஸ் வரும்படி நிரப்பினேன். ஒரு ஸ்லைஸ் இருந்த இடத்தில் இப்போது சுமார் ஏழு. அதில் ஏறக்குறைய எல்லாமே கணக்குப் போட்டு வந்தவை. படிக்கட்டு போய்விட்டது. ஆனால் நுரையீரலில் இருந்த சின்ன வெள்ளைப் புள்ளியின் மேலும் கீழும் கறுப்பாக ஒரு கோடு. "இது என்ன, ஓட்டையா?" என்று டாக்டர் கேட்டார். வயிற்றைக் கலக்கியது. வெள்ளையும் கறுப்பும் சட்டென்று மாறும் இடத்தில் கியூபிக் வளைவு, பக்கத்து எண்களையும் தாண்டிக் கீழே இறங்கிவிடும். அதுதான் அந்தக் கோடு. வளைவுக்குப் பதில் நேர்கோடு போடுகிற லீனியருக்கு மாற்றினேன். கோடு மறைந்தது, புள்ளியும் மங்கியது.

அப்புறம் எடுத்த இடத்துக்கே போன் போட்டேன். நல்ல வேளை, மெஷினில் ரா டேட்டாவை, அதாவது படமாக மாற்றுவதற்கு முன் அளந்த எண்களை, இன்னும் அழிக்கவில்லை. சில நாள் போனால் அழித்துவிடுவார்கள். அதிலிருந்து 1 மி.மீ. ஸ்லைஸாக மறுபடி கட்டி அனுப்பினார்கள். கோடு இல்லை. புள்ளி ஒன்றல்ல, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு. ஆயாவுக்கு இரண்டாவது ஊசியும் இல்லை, இரண்டாவது கதிரும் இல்லை. டிஸ்க்கோடு வருகிறவர்களிடம் இப்போது முதலில் கேட்பது ஸ்லைஸ் கனத்தைத்தான்.

*

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கேப் டவுனில் இருக்கிறேன். 1956இல் இங்கே க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் வேலை பார்த்தபோதுதான் இயற்பியலாளர் ஆலன் கோர்மாக் சி.டி.யின் கணக்கை யோசிக்கத் தொடங்கினார். பல திசையிலிருந்து அளந்து உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கிற கணக்கு அது. ஆனால் நீங்கள் செய்த மாதிரி நடுவில் உள்ளதைக் கணக்குப் போட்டு நிரப்பும் இன்டர்போலேஷனில், புதிதாக எதையும் அளப்பதில்லை. இதை நான் ஒரு மாஸ்க்கில், அதாவது ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் எண் கொடுத்துக் குறித்த படத்தில், பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வெறும் இடம் 0, கல்லீரல் 1, சிறுநீரகம் 2. லீனியரில் பெரிதாக்கியதும் கல்லீரலின் கன அளவு ஏறிவிட்டது. திறந்து பார்த்தால், உடம்பின் இடது பக்கத்துச் சிறுநீரகத்தைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி கல்லீரல்! 0க்கும் 2க்கும் நடுவே 1 வந்து உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து எண்ணை அப்படியே எடுக்கிற நியரஸ்ட் நெய்பருக்கு மாற்றியதும் தோல் உரிந்தது. ஓரம் கரடுமுரடாக இருக்கிறது, இருக்கட்டும்.