எண்ணெய் குறைத்தும் ருசியாக வர வழி சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவை எடை குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டயட் பொடி எதுவும் வேண்டாம், வீட்டுச் சாப்பாட்டையே கலோரி குறைவாகச் செய்து கொடுக்கணும் என்று ஆசை.

முதலில் எண்ணெயில்தான் கை வைத்தேன். இத்தனை நாள் பாட்டிலைச் சாய்த்து அப்படியே வாணலியில் ஊற்றுவேன். போன வாரம் அளந்து பார்த்தால், ஒரு காய் வதக்க நாலு மேசைக்கரண்டி! ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 120 கலோரி. 100 கிராம் முட்டைக்கோஸில் மொத்தமே 25தான்.

இப்போது ஒரு டீஸ்பூன் எண்ணெயில் வெங்காயம் வதக்கி, காயைப் போட்டுத் தண்ணீர் தெளித்து மூடிவிடுகிறேன். முட்டைக்கோஸ், பீன்ஸ் நன்றாகவே வருகிறது. சுரைக்காய், பூசணி மாதிரி நீர்க்காய்கள்தான் சப்பென்று ஆகிவிடுகின்றன. அப்பா ஒன்றும் சொல்லாமல் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறார். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

எண்ணெயைக் கூட்டாமல் நீர்க்காய்க்கு ருசி ஏற்றுவது எப்படி? மிளகு, எலுமிச்சை இரண்டும் போட்டுப் பார்த்தாயிற்று. அப்புறம், ராத்திரி பசி தாங்குகிற மாதிரி பருப்போ முட்டையோ சேர்த்து ஒரே பாத்திரத்தில் செய்கிற சாப்பாடு இருந்தாலும் சொல்லுங்கள். அவருக்குப் பல் கொஞ்சம் பலவீனம், மெத்தென்று இருந்தால் நல்லது. அளவோடு எழுதினால் நாளைக்கே செய்து பார்த்துவிடுவேன்.